மில்லிமீட்டரைத் தின்றது யார்?

பால் மரம் வெட்டுகிறவரின் உளியில் அளவுக் கோடு எதுவும் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு வெட்டிலும் அது சீவி எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். ரொம்பக் குறைந்தால் பால் குழாய்கள் சரியாகத் திறக்கா. ஆழத்திலும் அதே கண்டிப்பு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. காம்பியம் என்று பெயர். அதற்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்பாகவே உளி நின்றுவிட வேண்டும். பட்டுவிட்டால் காயம், காயம் ஆறும்போது முண்டு, முண்டு விழுந்த இடத்தில் பட்டை மறுபடி வளர்ந்தாலும் ஒழுங்காக வெட்ட முடியாது. மலேசியாவின் பாகான் செராயைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில், விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவைக் கட்டிக் காத்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் சில ஆண்டுகளுக்கு மேல் இருந்ததில்லை.

அந்த மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றிச் சாய்க்கப்படுகிறது. பலகையாகி ஒரு தச்சரின் மேசைக்கு வருகிறது. அவர் கையில் மில்லிமீட்டர் குறித்த எஃகு டேப்பு இருக்கிறது, மூலைமட்டம் இருக்கிறது, மின்சார ரம்பம் இருக்கிறது. இத்தனை இருந்தும் மேசை டிராயர் ஆறு மாதத்தில் சிக்கிக்கொள்கிறது, கதவு இடிக்கிறது. உடனே எல்லோரும் சொல்வது, “அளவு தப்பிடுச்சு” என்பதுதான். தப்பியது எந்த அளவு? பழியைப் பொதுவாக டேப்பின் மேலும் தச்சரின் கண்ணின் மேலும் போடுகிறோம். இந்த அத்தியாயம் கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறது. எடுத்துக்காட்டுக்கு 600 மி.மீ. அகல ரப்பர்மர மேசைப்பலகை ஒன்றை வைத்துக்கொள்வோம்.

முதலில் மரத்தின் வரலாறு கொஞ்சம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது. பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டம் அப்போது கரும்புக்குப் பெயர்போனது. தமிழர்கள் முதலில் வந்து சேர்ந்ததும் கரும்புத் தோட்டங்களுக்குத்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. தாழ்ந்த நிலமெல்லாம் நெல் வயலானது; 1906-இல் முடிந்த புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் கால்வாய்களும் அதற்குத் தண்ணீர் கொடுத்தன. இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றிய பேச்சில் திரும்ப வரும்.

பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு 1970-களின் பிற்பகுதி வரை பெரிதாக மதிப்பில்லை. ரப்பர் ஷீட்டு வாட்டும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகு, அவ்வளவே. அறுத்த பலகையில் ஓரிரு நாளிலேயே நீலப் பூசணம் ஏறிவிடும். பின்னாலேயே வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த மரம் அது. அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் தாங்கும் என்று தெரிந்தபின் கதை மாறியது. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இந்த ஆய்வுகளில் முன்நின்றது. இன்று ஜொகூரின் மூவாரிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் யாரோ பால் வெட்டிய மரம்.

இனி டேப்பு. சுருள் டேப்பின் தொடக்கத்தில், முதல் சில சென்டிமீட்டருக்குள், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் I, II, III என்று ரோமன் எண் அச்சிட்டிருக்கும். பலர் கண்ணில் அது பட்டே இருக்காது. அது டேப்பின் தரவகுப்பு. இரண்டாம் வகுப்பு டேப்புக்கு அனுமதித்த பிழை 0.3 மி.மீ.யோடு மீட்டருக்கு 0.2 மி.மீ. சேர்த்தது. ஆக ஒரு மீட்டரில் அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். ஐந்து மீட்டரில் 1.3 மி.மீ. முதல் வகுப்பில் ஐந்து மீட்டருக்கு 0.6 மி.மீ.தான். எந்த வகுப்பும் குறிக்காத டேப்பும் கடைகளில் தொங்குகிறது, மலிவு. அதன் பிழை எவ்வளவு என்று அதைச் செய்தவருக்கும் தெரியாது.

டேப்பின் நுனியிலுள்ள கொக்கி லொடலொடவென்று ஆடும். பழுது என்று நினைத்து அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கி வைப்பவர்கள் உண்டு. பாவம், அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. பலகையின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்தால், அளவு கொக்கியின் உள்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பெட்டிக்குள் சுவரில் முட்டி அளந்தால் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கித் தகட்டின் தடிமன். கொக்கி சரியாக அந்தத் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்வதால் இரண்டு வழியிலும் கணக்கு நேராகிறது. டேப்பு கீழே விழுந்து கொக்கி வளைந்தால் இந்த ஏற்பாடு கெடும். அதற்குப்பின் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதே பிழை, அதே திசையில் ஏறும். “இருமுறை அள, ஒருமுறை வெட்டு” என்று உலகத்துத் தச்சுப் புத்தகங்களெல்லாம் சொல்கின்றன. கொக்கி வளைந்த டேப்பால் இருமுறை அளந்தால் ஒரே பொய்யை இருமுறை கேட்டதாகும்.

வெயிலில் எஃகு நீளுமே என்று கேட்கலாம். நீளும். நீள அளவைக் கருவிகளின் அளவு 20 டிகிரி செல்சியஸில் சரியாக இருக்க வேண்டும் என்பது உலக ஒப்பந்தம். பாகான் செராயின் மதிய வெயிலில் கொட்டகைக்குள் 32 டிகிரி என்று கொள்வோம். எஃகு ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்கும் இன்னும் கொஞ்சமும் நீள்கிறது. 12 டிகிரிக்குக் கணக்கிட்டால் மீட்டருக்கு 0.14 மி.மீ.; நம் 600 மி.மீ. பலகைக்கு 0.08 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன். இதை விட்டுவிடலாம்.

டேப்பால் அரை மி.மீ., தீட்டாத பென்சில் கோட்டின் தடிமனால் இன்னோர் அரை மி.மீ. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் ஒன்றுதான் வருகிறது. டிராயர் சிக்குவதற்கு இது போதாது.

மிச்சத்தைத் தின்றது தண்ணீர்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. உயிரணுக்களின் குழல்களுக்குள் தாராளமாக ஓடுவது ஒன்று. குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று. மரம் உலரும்போது முதலில் குழலுக்குள் இருப்பது போகும். எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம் என்ற இடத்துக்கு வந்ததும் குழல்கள் காலி. சுவர்கள் மட்டும் ஊறிப்போய் நிற்கும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுவரிலிருந்து தண்ணீர் போகிறது, சுவர் சுருங்குகிறது, பலகையும் சுருங்குகிறது. ஈரம் திரும்ப ஏறினால் இதே வழியில் உப்புகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல என்பதுதான் வம்பு. சுவரிலுள்ள செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாட்டில் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றின் இடையில் புகுந்து பக்கவாட்டில்தான் தள்ள முடியும், நீளத்தை அசைக்க முடியாது. அதனால் பலகையின் நீளம் அநேகமாக மாறாது, அகலம் மாறும். அகலத்திலும் இரண்டு வகை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ரப்பர்மரம் பச்சையிலிருந்து சுத்தமாக உலரும்வரை 2.3 சதவீதம் சுருங்குகிறது. அடிமரத்தைச் சுற்றிச் செல்லும் திசையில் 5.1 சதவீதம், இரண்டு மடங்குக்கு மேல். ஒரே பலகையின் மேல்முகமும் கீழ்முகமும் வெவ்வேறு அளவில் சுருங்கி அது கிண்ணம்போல் குழிவதற்கு இதுவே காரணம்.

இப்போது மேசைப்பலகைக்கு வருவோம். ஆலையில் சூளையில் உலர்த்திய ரப்பர்மரம் சுமார் 8 முதல் 12 சதவீத ஈரத்தில் வெளியே வருகிறது. 10 என்று வைப்போம். கிரியான் வயல்வெளி, பக்கத்தில் கோல குராவ் கடல், கால்வாயெல்லாம் தண்ணீர். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் நிற்கும். அந்தக் காற்றோடு சமாதானமாகும்போது மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை எட்டும். ஆறு சதவீத ஏற்றம். சுற்றுத் திசையில் அறுத்த பலகையானால் 600 மி.மீ. அகலம் சுமார் 6.5 மி.மீ. வளரும். நடுவிலிருந்து பட்டைக்கு அறுத்ததானால் 3 மி.மீ. கடையில் விற்கும் ஒட்டுப்பலகையில் இரண்டு வகைத் துண்டுகளும் கலந்திருப்பதால் விடை நடுவில் எங்கோ நிற்கும். 200 மி.மீ. உயரமுள்ள டிராயர் முகப்புக்கு இந்தக் கணக்கு 2 மி.மீ.யைத் தாண்டும். மேலே ஒரு மி.மீ. இடைவெளிதான் விட்டிருந்தீர்கள் என்றால் அது சிக்கத்தான் செய்யும். டேப்பு குற்றவாளி அல்ல.

தச்சுப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. மரம் சுருங்கும், சுருங்கும் என்றே எச்சரிக்கின்றன. பாகான் செராயில் ஆலைப்பலகை வாங்குகிறவருக்கு நேர்வது அதற்கு எதிர்; மரம் உப்பும். பலகை ஆலையில் ஈரத்தோடு அறுத்த மெராந்தி மரத்தை வாங்குகிறவருக்கு மட்டும் புத்தகம் சொன்னது நடக்கும். தமிழ்நாட்டிலோ ஐப்பசி மழையில் கதவு இறுகி, சித்திரை வெயிலில் தளரும். பருவத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே வருடம் முழுவதும் மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் பருவத்தால் வரும் வித்தியாசம் குறைவு. மாற்றம் அறைக்கு அறை நடக்கிறது. அதே மேசையைக் கோலாலம்பூரில் மகன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அங்கே குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடுகிறது. மரத்தின் ஈரம் திரும்ப 10-க்கு இறங்குகிறது. உப்பிய மேசை இளைக்கிறது. மேல்பலகையைச் சட்டத்தோடு அசையாமல் திருகி, பசையும் போட்டிருந்தால் வெடிக்கும். திருகு நுழையும் துளையை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாகப் போடுங்கள். பலகை தன் விருப்பத்துக்கு நகர்ந்துகொள்ளட்டும்.

ரப்பர்மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சாய்ந்து வளரும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்தில் இழுவிசை கொண்ட கட்டையை உண்டாக்குகிறது. ரப்பரில் இது அதிகம். அந்தக் கட்டை நீளவாட்டிலும் சுருங்கும். நீளம் மாறாது என்று சற்று முன் சொன்னதற்கு இது விலக்கு. ரம்பத்தில் போகும்போதே துண்டு வில்லாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆலைகள் ரப்பர்மரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பல்லோடு பல் கோர்த்து ஒட்டி நீளமாக்குவதற்கு மரம் குட்டை என்பது ஒரு காரணம். இந்த வளைவைச் சிறு துண்டுகளுக்குள் அடக்கிவிடுவது மற்றொன்று.

மரத்தின் ஈரத்தை வீட்டிலேயே அளக்கலாம். வெட்டி எறிந்த துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேக் சுடும் அடுப்பில் 103 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 118 கிராம் இருந்தது 100 கிராமில் நின்றுவிட்டால், போன தண்ணீர் 18 கிராம். உலர்ந்த எடையால் வகுத்தால் 18 சதவீதம். ஆய்வுக்கூடங்களிலும் முறை இதுவே. இரண்டு ஊசி குத்தி மின்தடையைப் பார்த்துச் சதவீதம் காட்டும் கருவியும் இருக்கிறது. வசதி, ஆனால் அதன் எண்ணைச் சரிபார்க்க வேண்டுமென்றால் திரும்ப அடுப்புக்கும் தராசுக்கும்தான் போக வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்த குற்றவாளி எண். அளவை எண்ணாக மாற்றி, தாளில் எழுதி, அடுத்த பலகையில் அந்த எண்ணை மறுபடி கோடாக மாற்றும்போது இரண்டு இடத்தில் பிழை புகுகிறது. மலேசியாவில் மூன்றாவது இடமும் உண்டு: அடியும் மீட்டரும். 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பலகைக் கடையில் இன்னமும் “நாலுக்கு எட்டு பிளைவுட்” என்றுதான் கேட்கிறோம். ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்று 1959-இல் முடிவானது. அப்படியானால் நாலடி 1219.2 மி.மீ., எட்டடி 2438.4 மி.மீ. ஆனால் கடையில் வரும் பலகை 1220-க்கு 2440. நீளத்தில் 1.6 மி.மீ. கூடுதல். நாலடிப் பலகையை நாலாகப் பிளந்தால் ஓரடி கிடைக்கும் என்று நினைப்பவருக்கு ரம்பத்தின் வாயும் நினைவில் இருக்க வேண்டும். பல்லின் அகலம் 3 மி.மீ. என்றால் மூன்று வெட்டுக்கு 9 மி.மீ. தூளாகப் போகும். கிடைப்பது 302.75 மி.மீ.; ஓரடி 304.8.

இங்குள்ள கடைகளில் மூன்றாவது அளவும் ஏறிய டேப்பு கிடைக்கிறது. மில்லிமீட்டருக்கும் அங்குலத்துக்கும் பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாகச் சீன எழுத்துகள் ஓடும். பழங்காலச் சீனத் தச்சன் லூ பான் பெயரால் வழங்கும் அளவு அது. சுமார் 42.9 செ.மீ. கொண்ட கோல் எட்டுப் பாகம். சிவப்பில் முடிந்தால் நன்மை, கறுப்பில் முடிந்தால் தீமை. வாசற்கதவின் அகலத்தைச் சிவப்பில் விழும்படி ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் போடச் சொல்லும் தவுக்கேயைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. மனையடி சாஸ்திரத்தைப் பார்த்து அறையின் அடியைக் கூட்டிக் குறைப்பவர்கள் நாமும்தான். அறிவியல் பலன் எதுவும் இதில் இல்லை. இருந்தாலும் வெட்டுமுன் ஒருவரை நிறுத்தி, இன்னொரு முறை டேப்பைப் பார்க்க வைக்கும் சாஸ்திரத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

எண்ணின் தொல்லையைத் தவிர்க்கப் பழைய தச்சர்கள் கண்ட வழி, எண்ணையே ஒதுக்குவது. அலமாரியின் தட்டுகள், இடைவெளிகள், கதவின் கீல்கள் எல்லாவற்றையும் ஒரு மெல்லிய சட்டத்தில் கோடாகக் கீறிவிடுவார்கள். பிறகு டேப்பைத் தொடுவதில்லை. அந்தச் சட்டத்தை இடப்பலகையில் வைத்துக் குறி, வலப்பலகையில் வைத்துக் குறி. சட்டத்தில் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பிழை. தட்டு சமமாக உட்காரும். தமிழ் ஸ்தபதிகளின் முழக்கோலுக்கும் இதே நியாயம். சிலைக்கு முகத்தின் நீளத்தையே அலகாக வைத்து மற்ற உறுப்புகளைப் பிரிக்கும் தால அளவில் சென்டிமீட்டருக்கு வேலையே இல்லை. சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோல்களின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். உள்ளூரார் யாரும் தம் கோலைக் கொண்டுபோய் அங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் கோல் வேறுபட்டது, ஊருக்குள் வேறுபடவில்லை. தச்சு வேலைக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதுதான்: மேசை பாரிஸில் வைத்திருந்த மீட்டர் கட்டையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, அதன் நாலு காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும்.

கோல் இல்லாமல் ஒவ்வோர் இடைவெளியாக அளந்து அடுக்கினால் என்ன ஆகும்? பத்து இடைவெளி, ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிழை என்று கொள்வோம். கொக்கி வளைந்ததால் வந்த பிழையானால் எல்லாம் ஒரே திசையில் கூடி 5 மி.மீ. ஆகிவிடும். கை நடுக்கத்தால் ஒருமுறை கூடவும் மறுமுறை குறையவும் வரும் பிழையானால் ஒன்றை ஒன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுமார் 1.6 மி.மீ. எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து அளந்தால் எந்தக் கோட்டிலும் அரை மி.மீ.க்கு மேல் போகாது. பழைய தட்டை அச்சாக வைத்துப் புதிய தட்டு, அதை வைத்து அடுத்தது என்று போவதும் இதே ஆபத்துதான். அச்சு எப்போதும் முதல் தட்டாகவே இருக்கட்டும்.

கடைசியாகச் செங்கோணம். 900-க்கு 600 மி.மீ. சட்டத்தைக் கூட்டியதும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துத் திருப்தியடைகிறோம். சட்டம் சற்றுச் சாய்ந்திருக்கிறது, 900 மி.மீ. உயரத்தில் 2.7 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று கொள்வோம். 200 மி.மீ. கையுள்ள மூலைமட்டம் அதை 0.6 மி.மீ. இடுக்காகத்தான் காட்டும்; கொட்டகை வெளிச்சத்தில் கண்ணில் படாது. அதே சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ. வரும். எந்த டேப்பும், மூன்றாம் வகுப்பு டேப்பும்கூட, இதைக் காட்டிவிடும். ஏனென்றால் இங்கே உண்மையான நீளம் நமக்குத் தேவையில்லை, இரண்டும் சமமா என்பதே கேள்வி. டேப்பில் நிலையான பிழை இருந்தால் இரண்டு அளவிலும் இருந்து கழிந்துபோகும். டேப்பு இல்லாவிட்டால் ஒரு கம்பை மூலைக்கு மூலை வைத்துக் கோடு கிழித்துத் திருப்பி வைத்தாலும் போதும்.

அடுத்த முறை ஹார்ட்வேர் கடைக்குப் போனால், டேப்பின் தொடக்கத்தில் I அல்லது II இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு வேலை முடியும்வரை டேப்பை மாற்றாதீர்கள். ரப்பர்மரப் பலகையை வாங்கிய அன்றே அறுக்காதீர்கள். மேசை எந்த அறையில் நிற்கப்போகிறதோ அந்த அறையில், இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டுவையுங்கள். அகலத்தை முதல் நாளும் பிறகு அவ்வப்போதும் அளந்து பலகையின் அடியிலேயே தேதியோடு எழுதுங்கள். எண் மாறுவது நின்றபின் ரம்பத்தை எடுங்கள்.